அக்கா தின்ற ஊர்கள்

என் அக்கா காஞ்சிபுரத்துக்குப் போய் இட்லி தின்றுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு அவளைக் கண்டாலே ஆகாமல் போனது. நான் அப்போது நான்காம் வகுப்பு. அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் ஊர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கும் வேலையில் இருந்தாள். அதுவரை எனக்குத் தலை வாரிவிடுவது, முதுகு தேய்த்துவிடுவது, பேன் பார்ப்பது எல்லாம் அவள்தான். இட்லிக்குப் பிறகு என் தலையை நானே வாரிக்கொள்ள ஆரம்பித்தேன். வகிடு கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று கோணலாகவே பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கும் கூச்சமில்லை, இன்றைக்கும் இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அக்கா ஆறாவதோடு நின்றவள். நான் பிறந்ததும் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு இடுப்பு தேவைப்பட்டது, அவளுடையது காலியாக இருந்தது. ஆகவே என் கணக்குப்படி ஊர் பார்க்க வேண்டியவள் நான். வரைபடத்தில் காஞ்சிபுரம் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன். அக்காவுக்கு வரைபடத்தில் எது கடல் எது நிலம் என்று தெரியாது. ஆனால் காஞ்சிபுரத்துக்குப் போனது அவள்.

அவள் போனதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். முதல் முறை அப்படித்தான் வந்தார்கள், திருத்தணிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய. எங்கள் வீடு தோல் ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேனைவிட்டு இறங்கியதும் ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அவருக்கு ஜலதோஷம் என்று நினைத்து அம்மா சுக்கு தட்டிப் போட்டுக் காபி கொடுத்தாள். உள்ளே வந்த எல்லோருக்குமே ஜலதோஷமாக இருந்தது. காபி டம்ளர்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. போகும்போது நெடுஞ்சாலையில் வேனை நிறுத்திப் பிரியாணி சாப்பிட்டார்களாம். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பிரியாணி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். வேறு எதையும் அவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் என் மாமா ஒரு முடிவெடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுவார். ஓட்டாத நேரத்தில் எங்கள் வீட்டு விவகாரங்களை ஓட்டுவார். இனிமேல் நம் ஊரில் பெண் காட்டும் வேலையே கிடையாது, பெண்ணை வெளியூருக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம், கோயிலில் காட்டலாம், தெரிந்தவர் வீட்டில் காட்டலாம் என்றார். மூக்கை எங்கே கழற்றி வைப்பது என்று வருகிறவர்கள் தவிக்க வேண்டாம் அல்லவா என்றார். அப்பா அந்தத் தோல் ஷாப்பில்தான் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். ஆனால் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அக்காவுக்குக் கல்யாணம் என்று ஒன்று வரப்போகிறது, அதற்கு முன்னால் அவளை ஒவ்வொரு ஊராகக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்கிறார்கள்.

முதல் ஊர் காஞ்சிபுரம். கிளம்புகிற அன்று காலையில் பக்கத்து வீட்டு காலா வந்தார். அவர் வீட்டில் உருது பேசுவார்கள், அதில் காலா என்றால் சித்தி, பேட்டி என்றால் மகள். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் காலாதான், எனக்கும்தான். கையில் சின்ன அத்தர் சீசா. அக்காவின் மணிக்கட்டில், கழுத்தில், புடவை மடிப்பில், முந்தானையில் எல்லாம் தொட்டுத் தொட்டு வைத்தார். பெருநாளுக்கு அவர் வீட்டு ஆண்கள் வைத்துக்கொள்ளும் அத்தர் அது. எனக்கு ஒரு சொட்டு கேட்டேன். "உனக்கு எதுக்கு பேட்டி, நீ ஸ்கூலுக்குத்தானே போற" என்றார். அதுவும் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடம் போகிறவள் மணக்கக் கூடாதா?

சாயங்காலம் அக்கா திரும்பி வந்து இட்லியைப் பற்றிச் சொன்னாள். கோயில் இட்லியாம். மூங்கில் கூடையில் இலை போட்டு அவிப்பார்களாம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டி, இவ்வளவு நீளம் என்றாள். அதை வட்டம் வட்டமாக அறுத்துக் கொடுப்பார்களாம். உள்ளே மிளகு, சீரகம், சுக்கு. நெய் வாசனை. கடித்தால் முதலில் ஒன்றும் தெரியாதாம், அப்புறம் மிளகு மெதுவாக வந்து நாக்கின் பின்பக்கம் உட்காருமாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வாய் ஊறியது, வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை எப்படி என்று அம்மாவிடம் யாரோ கேட்டார்கள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைத் தின்ன முடியாது.

மறுநாள் அம்மா சுட்டு வைத்த இட்லியைத் தட்டோடு தள்ளிவிட்டேன். வட்டமாக, வெள்ளையாக, பேச்சில்லாமல் இருந்தது அது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் ஏதோ காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. ஆனால் மாமா விடவில்லை. அடுத்தது வேலூர், கோட்டைக்குள் இருக்கிற கோயிலில். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களில் கடைப் பலகைகளெல்லாம் வங்காள எழுத்தில் இருக்குமாம். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவதால் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளே வந்துவிட்டனவாம். அக்காவுக்குத் தமிழ்ப் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் போய் வங்காளப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து ரசகுல்லா தின்றுவிட்டு வந்திருந்தாள். "பஞ்சு மாதிரி இருக்குது பாப்பா. பல்லுக்கு வேலையே இல்ல. கடிச்சா கீச்சுன்னு சத்தம் வருது" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் 'நான் சென்ற ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எந்த ஊருக்கும் போனதில்லை. திருப்பத்தூருக்கு ஒரு சாவுக்குப் போனது கணக்கில் வராது. ஆகவே காஞ்சிபுரத்தை எழுதினேன். மூங்கில் கூடை, இலை, மிளகு வந்து உட்காருகிற இடம் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், நெய் வழிந்த விரலை என் பாவாடையில் துடைத்தேன், அம்மா திட்டினார் என்று நானாகவே சேர்த்தேன். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். 'மிக நன்று' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தார்.

அக்கா அதை எடுத்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள். நீண்ட நேரம் ஆனது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, நான் துன்ன இட்லிய நீ துன்னுட்ட."

கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் கோபிக்கவில்லை. "உன்கிட்ட ஒண்ணு கேட்டா எதையும் வுடாம சொல்லிடுவ, இல்ல?" என்றாள். புகழ்கிறாள் என்று நினைத்து, ஆமாம் என்றேன். அது உண்மையும்கூட. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் சும்மா இருப்பது என்னால் இன்றைக்கும் ஆகாத காரியம்.

வேலூரும் கூடிவரவில்லை. அடுத்து வந்தது கலவை.

இது மற்றவை போலில்லை. ஆற்காட்டுக்குத் தெற்கே, கலவைப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம், கிணறு, மாடு, ஒரே பையன். அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் கம்பெனி வேலைக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் இனி ஷிஃப்டுக்கு ஓடாமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்ற சந்தோஷம். மாமா இது கைவிட்டுப் போகக் கூடாது என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கைவிட்டுப் போகாமலிருக்க எங்கள் ஊர் வேலூர் என்றும் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

"வேலூரா?" என்று அப்பா கேட்டார்.

"பொய்யா சொன்னேன்? வேலூர் மாவட்டம்தானே நாம?" என்றார் மாமா.

அப்போது அப்படித்தான். ஆம்பூரும் ஒரே மாவட்டம், கலவையும் அதே மாவட்டம். மாமா அந்த மாவட்டத்தை ஒரு போர்வை மாதிரி இழுத்து எங்கள் மேல் போர்த்திவிட்டார்.

அதே சமயத்தில் கம்பெனியில் அக்காவை ஒரு லைனுக்குச் சூப்பர்வைசராகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அவளோடு வேலை செய்கிற ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். எழுதப் படிக்கத் திணறினாலும் எந்தத் தையல் எங்கே பிசகியது என்று தொட்டே சொல்லிவிடுகிறாள் என்று பெரிய மேஸ்திரியே சொன்னாராம். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கலவைக்கு எந்தப் புடவை என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நானும் வாங்கவில்லை. சூப்பர்வைசருக்குச் சாப்பிட என்ன கொடுப்பார்கள் என்று யாரும் சொல்லாததால் எனக்கு அதில் பொறாமைப்பட ஒன்றும் இருக்கவில்லை.

என் கவலை வேறு. கலவைக்குப் போகும் வழியில் வேலூரும் வருகிறது, ஆற்காடும் வருகிறது. ஆற்காடு என்றால் மக்கன் பேடா. ஒரே நாளில் மூன்று ஊரை அக்கா ஒருத்தியே தின்னப்போகிறாள். நான் சாப்பாட்டை நிறுத்தினேன். முதல் வேளை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வேளை அம்மா கவனித்துவிட்டு என் பங்கைத் தூக்கி மூடி வைத்தாள். மாமா வந்தபோது நான் வாசற்படியில் சுருண்டு கிடந்தேன். என்னை வைத்துக்கொண்டே பேசினார்.

"இதை இட்டுக்கினு போனா பேஜாருக்கா. இதுக்கு வாய் ஜாஸ்தி. எங்கியாவது எசகுபிசகா எதையாவது சொல்லிடும்."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். பரீட்சை வருகிறது, படிக்கட்டும் என்றாள். அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே, "பாப்பா வந்தா நான் வர்றேன். இல்லன்னா நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள்.

அக்கா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு மாமா, சரி, வாயை மூடிக்கொண்டு இருந்தால் வரட்டும் என்றார். என் உண்ணாவிரதம் ஜெயித்தது என்று நான் உடனே எழுந்துபோய் மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

கிளம்புகிற அன்று காலா சீசாவோடு வந்தார். அக்கா மணிக்கட்டை நீட்டவில்லை. "எனக்கு வேணாம் காலா, தலை வலிக்குது. பாப்பாவுக்கு வைங்க" என்றாள். காலா அக்காவின் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கவுன் காலரில், இரண்டு காதுக்குப் பின்னால், உள்ளங்கையில் என்று தாராளமாக வைத்தார். நான் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே பஸ் ஏறினேன். அக்காமேல் எனக்கு இருந்த வெறுப்பு பள்ளிகொண்டா தாண்டும் வரை கொஞ்சம் கம்மியாக இருந்தது.

வேலூரில் இறங்கி அந்தத் தெருவைப் பார்த்தேன். அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். என்னால் படிக்க முடியாத பலகைகளைப் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் படித்தவள் என்பதை அந்தத் தெரு கண்டுகொள்ளவே இல்லை. கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாசனை மூக்கில் ஏறியது. கடைக்காரர் அரைகுறைத் தமிழில் அக்காவைப் பார்த்து, மறுபடி வந்தீங்களா என்று சிரித்தார். அது எனக்குச் சுருக்கென்றது. ஒரு வெளியூர்க் கடையில் அவளை அடையாளம் தெரிகிறது, பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்குகிற என்னை யாருக்கும் தெரியவில்லை. ரசகுல்லாவைக் கடித்தேன். கீச்சென்று சத்தம் வந்தது. சாறு முழங்கை வரை வழிந்தது. அக்கா தன் கிண்ணத்திலிருந்ததையும் என் கிண்ணத்தில் போட்டாள். போன முறை தின்று சலித்திருக்கும், அதனால்தான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆற்காட்டுப் பஸ்ஸில் மாமா எனக்குப் பாடம் நடத்தினார். எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வாய்? வேலூர். அப்பா என்ன செய்கிறார்? எக்ஸ்போர்ட் கம்பெனி. வேறு ஏதாவது கேட்டால்? தெரியாது. தெரியாது என்பதை மட்டும் என்னால் இயல்பாகச் சொல்ல முடியவில்லை. மாமா மூன்று நான்கு முறை சொல்ல வைத்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். டிரம்மில் வேலை செய்கிறவர்களுக்கு நகக்கண்ணில் ஒரு நிறம் ஏறிவிடும், அது லேசில் போகாது. இரண்டு கையையும் மடியில் குப்புற வைத்திருந்தார்.

மக்கன் பேடாவைப் பற்றி நான் விரிவாக எழுத முடியும், எழுதப்போவதில்லை. வெளியே குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும். விண்டால் உள்ளே முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு என்று ஒரு பொட்டலமே இருக்கும். அதை வாயில் வைத்த அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: அக்கா இதற்கு முன்னால் எத்தனை ஊரில் எத்தனை இப்படித் தின்றிருப்பாள், என்னிடம் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

கலவையில் மாமாவின் தோஸ்த்து ஒருவர் வீட்டில் ஏற்பாடு. சின்ன ஊர். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எனக்கு ஏதோ குறைந்தது. மூக்கு அடைத்துக்கொண்டது போல இருந்தது. சிந்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது, ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. கவுன் காலரைத் தூக்கி முகர்ந்தேன். அத்தர் மட்டும் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். சோற்றின் நடுவில் குழி பண்ணி மஞ்சளாக ஒன்றை ஊற்றினார் தோஸ்த்தின் மனைவி. வெண்ணெய் மாதிரி வழிந்தது. வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம். இரண்டாவது தரம் கேட்டு வாங்கினேன். மூன்றாவது தரம் கேட்கும்போது, "இது இன்னா கொழம்பு அத்தை?" என்றேன்.

"பருப்பும்மா. பருப்புக் கடைசல். நீ பருப்பே துன்னதில்லியா?"

நான் வாழ்நாளெல்லாம் தின்றது பருப்புதான். எங்கள் வீட்டுத் தண்ணீரில் அது வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு தனி, தண்ணீர் தனியாக நிற்கும். பருப்பு என்றாலே பல்லில் கடிபடுகிற சாமான் என்று நினைத்திருந்தேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா இலைக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளை ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். அவருடைய அம்மா, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவர், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். எத்தனையாவது ரேங்க் என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன். மாமா மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அம்மாவின் முகம் அப்போது இருந்தது போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை வந்தால் போதும், தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிற முகம்.

அக்கா காபித் தட்டோடு வந்தாள். கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். சமைக்க வருமா, ஆட்டினாள். மாடு கறக்க வருமா, கற்றுக்கொள்வதாக ஆட்டினாள். கம்பெனி வேலையை விட்டுவிடச் சம்மதம்தானே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டபோது அவள் ஆட்டுவதற்குள் அம்மா, "அதெல்லாம் வுட்டுடுவா" என்றாள். எனக்குக் காராசேவு தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. அக்கா எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். நான் மடக்கு மடக்கென்று குடித்தேன். குடித்துவிட்டுச் சொம்பைப் பார்த்தேன்.

"எப்படி இருக்குது பாப்பா தண்ணி?" என்றாள் அக்கா.

அந்தக் கூடத்தில் அவள் வாய்விட்டுப் பேசியது அது ஒன்றுதான்.

"இனிக்குதுக்கா. சக்கரை போட்டிருக்காங்களா?"

மூக்குத்தி அம்மாளுக்குச் சிரிப்பும் பெருமையும் வந்துவிட்டது. "எங்க பக்கத்துத் தண்ணி அப்படித்தாம்மா. ஏன், உங்க ஊருத் தண்ணி எப்படி இருக்கும்?"

கேள்வி நேராக என்னிடம் வந்தது. மாமா ஊரைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும்தான் பாடம் எடுத்திருந்தார், தண்ணீர் அதில் இல்லை. பதிலோ எனக்கு முழுதாகத் தெரியும். வகுப்பில் எழுந்து நிற்பது போல எழுந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"எங்க ஊருத் தண்ணி உப்பா இருக்கும். பருப்பு வேகாது. டீ போட்டா திரிஞ்சிடும். கால்வாய்ல ஒரு நாள் நீலமா ஓடும், ஒரு நாள் செவப்பா ஓடும். எங்க வீட்டுக்குப் பின்னாடியே தோல் ஷாப்பு. எங்கப்பா அங்கதான் டிரம் ஓட்டறாரு." ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது, அதையும் கேட்டேன். "உங்க ஊர்ல ஏன் எந்த வாசனையும் இல்ல?"

'மிக நன்று' என்று யாராவது சொல்வார்கள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வேலூருன்னு சொன்னீங்க?" என்றார் மூக்குத்தி அம்மாள், மாமாவைப் பார்த்து.

"வேலூர் மாவட்டங்கம்மா."

"மாவட்டத்துலயா குடியிருக்கிறீங்க?"

மாமா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மடியில் குப்புறக் கிடந்த கை முதல் முறையாக வெளியே வந்தது. "ஆம்பூரும்மா. கொழந்த சொன்னது அத்தனையும் நெஜம்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர்கள் மரியாதையாகத்தான் காபியைக் குடித்து முடித்தார்கள். ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாப்பிள்ளை மட்டும் போகும்போது ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மூக்குத்தி அம்மாள் என் கன்னத்தைத் தொடவில்லை. வரும்போது தொட்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா என் தொடையைத் திருகினாள். நான் கத்தவில்லை. கேட்டதற்குத்தானே சொன்னேன், கேள்வி கேட்டது அவர்கள், தண்ணீர் கொடுத்தது அக்கா என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டேன். ஆற்காட்டில் பஸ் மாறும்போதுகூட இனிப்புக் கடைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. நான் திரும்பினேன், அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

வேலூரிலிருந்து ஆம்பூருக்கு வருகிற பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பின் இருக்கையில் அம்மாவும் அப்பாவும். மாமா நின்றுகொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதடி. நம்ம ராசி அவ்வளவுதான்" என்று சொல்லித் தானும் அழுதாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. நான் சொன்னதில் தப்பு ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மெல்ல அவள் மடிமேல் சாய்ந்து, தலையைத் திருப்பிக் கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு, அடக்க முடியாத சிரிப்பு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு என் தலையை இழுத்துத் தன் வயிற்றில் அணைத்துக்கொண்டாள். அந்த வயிறும் குலுங்கியது. காதோரம் குனிந்து, "திங்கக்கெழம நான் வேலைக்குப் போறேன் பாப்பா" என்றாள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போவது ஒரு சேதியா? எல்லாத் திங்கட்கிழமையும்தான் போகிறாள். இதற்கு ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டே குனிந்து, அம்மாவைத் தேற்றுகிற குரலில் சொன்னார். "வுடுக்கா. செய்யாத்துல இன்னொண்ணு இருக்குது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கலவை போனால் என்ன, அடுத்தது செய்யாறு. அங்கே தின்ன என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இனி என்னை எந்த ஊருக்கும் கூட்டிப்போக மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆம்பூர் வரும் வரை அவள் பக்கமே திரும்பவில்லை.